புதிதாகப் பொரித்த குஞ்சுகள் உள்ள மீன் தொட்டியில் ஒட்டுண்ணி நோய்: தருமபுரி, கிருஷ்ணகிரித் தண்ணீருக்கு ஏற்ற சிகிச்சை முறை

வளர்ந்த மீனுக்கு நோய் வந்தால் எந்த மருந்தை எவ்வளவு ஊற்றுவது என்று யோசிக்கிறோம். பொரித்துச் சில நாட்களே ஆன குஞ்சுக்கு நோய் வந்தால், மருந்து ஊற்றலாமா என்பதையே முதலில் யோசிக்க வேண்டும். குஞ்சின் தோல் மெல்லியது, செவுள் முழுமையாக வளர்ந்திராது, எடையோடு ஒப்பிட்டால் தண்ணீர் படும் உடல்பரப்பு மிக அதிகம். ஆகவே தாய் மீன் தாங்கும் மருந்தளவு குஞ்சை ஓரிரவில் கொன்றுவிடக்கூடும். குஞ்சுத் தொட்டியில் உப்பு, வெப்பம், தண்ணீர் மாற்றுதல், தரையைச் சுத்தமாக வைத்தல் ஆகிய நான்கையும் ஒட்டுண்ணியின் வளர்ச்சிக் காலத்துக்குப் பொருத்திச் செய்வதே முதல் சிகிச்சை என்பதும், கடையில் விற்கும் புட்டி மருந்து கடைசி வழி என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நோயை அடையாளம் காணுதல்

குஞ்சுகள் மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, கண்ணாடியிலும் செடியிலும் உடலை உரசிக்கொண்டாலோ உடனே ஒட்டுண்ணி என்று முடிவுசெய்துவிடக் கூடாது. அம்மோனியா ஏறிய தண்ணீரிலும் குஞ்சு இதையே செய்யும். குஞ்சுக்கு ஒரு நாளைக்கு நான்கைந்து முறை இரை போடுகிறோம். மிஞ்சியது தரையில் அழுகி அம்மோனியாவை உண்டாக்குகிறது. நம் இரு மாவட்டங்களின் போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், பெரும்பாலும் கடினத்தன்மையும் காரத்தன்மையும் மிகுந்தது என்பதால் இங்கே அம்மோனியாவின் கடுமையும் கூடும். 25 டிகிரி செல்சியஸில் பிஎச் எனப்படும் அமில-கார அளவு 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பகுதியே நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது ஏறத்தாழ 5 விழுக்காடாகிவிடும். ஆகவே முதல் வேலை, மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைக் கருவியால் அம்மோனியாவைப் பார்ப்பது. கருவி இல்லையென்றால் தரையை உறிஞ்சிச் சுத்தம் செய்து, தொட்டித் தண்ணீரோடு ஒத்த வெப்பமும் தன்மையும் கொண்ட தண்ணீரால் நான்கில் ஒரு பங்கை மாற்றி, சில மணி நேரம் கவனிக்க வேண்டும். குஞ்சுகள் தெளிந்துவிட்டால் அது ஒட்டுண்ணி நோய் அல்ல.

தெளியவில்லையென்றால் இரவில் அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் அணைத்துவிட்டு, கைபேசியின் டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பிடித்துக் குஞ்சின் முதுகைப் பார்க்க வேண்டும். நேரே அடிக்கும் வெளிச்சத்தில் ஒளி ஊடுருவும் உடலில் எதுவும் தெரியாது. சாய்வான வெளிச்சத்தில் தோலின் மேல் படிந்தவை தனியே மினுங்கும். உப்புக்கல் போன்ற தனித்தனி வெள்ளைப் புள்ளிகள் துடுப்பிலும் உடலிலும் தெரிந்தால் அது இச் எனப்படும் வெள்ளைப் புள்ளி நோய். புள்ளியாக இல்லாமல் மஞ்சளும் துருவும் கலந்த நிறத்தில் மிக நுண்ணிய தூள் பூசியது போல் இருந்தால் அது வெல்வெட் எனப்படும் ஒட்டுண்ணி நோய். இது குஞ்சுகளை விரைந்து கொல்வது. பகல் வெளிச்சத்தில் கண்ணில் படாததால் பலர் இதைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள். புள்ளியோ தூளோ இல்லாமல் உடலில் நீலமும் சாம்பலும் கலந்த மெல்லிய சளிப்படலம் மட்டும் இருந்து, கப்பி, மோலி குஞ்சுகள் வாலை விரிக்காமல் ஊசிபோல் ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே உடலை அசைத்துக்கொண்டிருந்தால் டிரைக்கோடைனா, காஸ்டியா போன்ற நுண்ணுயிர்களைச் சந்தேகிக்கலாம். இவை பெருகுவது கழிவு மிகுந்த தண்ணீரில். ஒரு பக்கச் செவுள் மூடி மட்டும் தூக்கி நிற்பதும், மூச்சு வேகமாக இருப்பதும் செவுள் புழுவின் அறிகுறி.

வாயைச் சுற்றியோ முதுகின் குறுக்காகவோ பஞ்சு போன்ற வெள்ளைத் திட்டு இருந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை. கீழே சொல்லப்போகும் வெப்பச் சிகிச்சை அந்த நோயை இன்னும் வேகப்படுத்தும் என்பதால், திட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகப் பார்த்துக்கொள்ளாமல் ஹீட்டரைத் தொடக் கூடாது.

பக்கத்தில் கல்லூரி விலங்கியல் துறையிலோ பள்ளி ஆய்வகத்திலோ நுண்ணோக்கி இருந்தால், அப்போதுதான் இறந்த ஒரு குஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே வைத்து விரைவாக எடுத்துச் சென்று காட்டுவது நல்லது. வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணியின் உள்ளே குதிரைலாட வடிவ உட்கரு தெரியும். அது மெதுவாக உருண்டுகொண்டே இருக்கும். டிரைக்கோடைனா வட்டத்தட்டாகச் சுழலும். மீன் இறந்து சில மணி நேரமானால் ஒட்டுண்ணிகள் உடலை விட்டுப் போய்விடும் என்பதால் நேற்று இறந்த குஞ்சால் பயனில்லை.

ஒட்டுண்ணியின் நாள் கணக்கு

வெள்ளைப் புள்ளி நோயை எடுத்துக்கொண்டால், நாம் காணும் புள்ளி தோலுக்கு அடியில் புதைந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. அந்த நிலையில் உப்போ மருந்தோ அதை எட்டாது. தின்று முடித்ததும் அது தோலை விட்டு வெளியேறித் தரையிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி உறை கட்டி, உள்ளே சில நூறு முதல் ஆயிரம் வரையிலான குட்டிகளாகப் பிரிகிறது. உறையும் அதைக் காக்கிறது. உறை உடைந்து நீந்தி வரும் குட்டிகள் ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைக் கண்டுபிடிக்காவிட்டால் இறந்துவிடும். சிகிச்சை கொல்லக்கூடியது நீந்தித் திரியும் இந்தக் குட்டிகளை மட்டுமே. எனவேதான் உப்புப் போட்ட மறுநாள் புள்ளிகள் குறையவில்லை என்று கூடுதலாக உப்புக் கொட்டுவதும், மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்ததும் நிறுத்திவிடுவதும் ஒரே அளவுக்குத் தவறு. புள்ளி மறைந்தது, ஒட்டுண்ணி தரைக்கு இறங்கிவிட்டது என்பதால் மட்டுமே இருக்கலாம்.

இந்தச் சுற்று 25 டிகிரி வெப்பத்தில் சில நாட்களில் முடியும். 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கும் மேல் இழுக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 15 டிகிரிக்கு அருகில் இறங்குவதால், ஹீட்டர் இல்லாத தொட்டியில் நோய் எளிதாகத் தொற்றவும் செய்கிறது, வாரக்கணக்கில் நீடிக்கவும் செய்கிறது. தருமபுரியிலோ ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டித் தண்ணீர் தானாகவே 30 டிகிரியைத் தொட்டுவிடும். அப்போது வெள்ளைப் புள்ளி நிலைப்பது கடினம். சந்தேகத்தை வெல்வெட்டின் மீதும் செவுள் புழுவின் மீதும் வைக்க வேண்டும்.

போர் தண்ணீரும் ஒகேனக்கல் தண்ணீரும்

நம் பகுதியில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர் குடிக்கவும், போர் தண்ணீர் மற்ற புழக்கத்துக்கும் என்று பிரித்து வைத்திருப்பார்கள். மீன் தொட்டிக்கு எதை ஊற்றினாலும் சிகிச்சைக் காலத்தில் நடுவில் மாற்றக் கூடாது. போர் தண்ணீரில் பொரித்து வளர்ந்த குஞ்சுக்கு, தினமும் தண்ணீர் மாற்றுகிறோம் என்று காவிரித் தண்ணீரையோ ஆர்ஓ தண்ணீரையோ ஊற்றினால் கடினத்தன்மை ஒரே நாளில் இறங்கி, ஒட்டுண்ணி செய்யாததை அந்த அதிர்ச்சி செய்துவிடும். குழாயில் வரும் குடிநீரில் குளோரின் கலந்திருக்கும். ஒரு நாள் முழுதும் வாளியில் ஏர் பம்ப் போட்டு வைத்தோ, சோடியம் தயோசல்பேட் கலந்தோ அதை நீக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

செம்பு கலந்த மருந்துகளைக் குஞ்சுத் தொட்டியில் தவிர்க்கச் சொல்வதற்கும் இந்த இரண்டு தண்ணீரே காரணம். கடினமான தண்ணீரில் செம்பு படிந்து வீரியத்தை இழக்கிறது. மென்மையான தண்ணீரில் அதே அளவு கடும் நஞ்சாகிறது. போர் தண்ணீர்த் தொட்டியில் ஒருவருக்கு ஒத்துவந்த அளவை, காவிரித் தண்ணீர் பயன்படுத்தும் பக்கத்து வீட்டுக்காரர் அப்படியே ஊற்றினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உப்பும் வெப்பமும்

முதலில் தண்ணீரின் அளவைக் கணக்கிட வேண்டும். தொட்டி வாங்கும்போது சொன்ன லிட்டர் கணக்கு உதவாது. உள்பக்க நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இரண்டடித் தொட்டியில் 25 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் 45 லிட்டர். சரளைக்கல் இருந்தால் அது அடைத்த இடத்தையும் கழிக்க வேண்டும். ஆனால் குஞ்சுத் தொட்டியில் சரளையே வேண்டாம். வெறும் கண்ணாடித் தரையில்தான் உறை கட்டிய ஒட்டுண்ணிகளை உறிஞ்சி எடுக்க முடியும்.

உப்பு, வேறு எதுவும் கலக்காத கல் உப்பாக இருக்கட்டும். கரண்டிக் கணக்கு வேண்டாம். கல் உப்புக்கும் தூள் உப்புக்கும் ஒரு கரண்டியின் எடை வேறுபடும் என்பதால் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ள வேண்டும். கப்பி, மோலி, பிளாட்டி, கோல்டு ஃபிஷ் குஞ்சுகளுக்கு லிட்டருக்கு 2 கிராம் என்று தொடங்கி, தேவைப்பட்டால் 3 கிராம் வரை போகலாம். ஃபைட்டர், ஏஞ்சல், கௌராமி குஞ்சுகளுக்கு 1 முதல் 2 கிராம் போதும். டெட்ரா, கோரிடோரஸ் குஞ்சுகளுக்கு உப்பு ஒத்துக்கொள்வதில்லை. அவற்றுக்குப் பின்னால் சொல்லும் தொட்டி மாற்றும் முறையே ஏற்றது. 45 லிட்டருக்கு 2 கிராம் வீதம் 90 கிராம் என்றால், அதை 30 கிராமாக மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒரு குவளை அளவு தொட்டித் தண்ணீரில் முழுவதும் கரைத்து, காலையில் ஒன்று, இரவில் ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று என்று ஏர் பம்பின் குமிழி மேலெழும் இடத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். கரையாத உப்புக்கல் தரையில் கிடந்தால் அதன்மேல் போய் அமரும் குஞ்சு வெந்துபோகும்.

உப்பு ஆவியாவதில்லை. எனவே வெயிலில் வற்றிய தண்ணீருக்கு ஈடாக வெறும் தண்ணீரையே ஊற்ற வேண்டும். மாற்றுவதற்காக வெளியே எடுத்த தண்ணீருக்கு மட்டும் உப்பைக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். தினமும் 10 லிட்டர் எடுத்தால் உள்ளே ஊற்றும் 10 லிட்டரில் 20 கிராம் உப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு வாரத்தில் உப்பு இரட்டிப்பாகவோ பாதியாகவோ ஆகிவிடும்.

வெப்பத்தைச் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றி, வெள்ளைப் புள்ளி நோய்க்கு 30 டிகிரியில் நிறுத்தலாம். அந்த வெப்பத்தில் ஒட்டுண்ணியின் சுற்று வேகமெடுக்கிறது, பெருக்கமும் தடைபடுகிறது. ஆனால் வெப்பத்தைத் தாங்கும் வகைகளும் உண்டு என்பதால் வெப்பத்தை மட்டும் நம்பாமல் உப்போடு சேர்த்தே செய்ய வேண்டும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன் என்பதால் அதற்கு இந்த அளவு வெப்பம் வேண்டாம், உப்பே போதும். சூடான தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் என்றால் 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5. ஓசூரின் உயரத்தில் அதிலும் பத்தில் ஒரு பங்கு குறையும். ஆகவே ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்வெட்டுக்குப் பேட்டரியில் ஓடும் சிறு பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு வெப்பத்தைக் கூட்டுவதுதான் முறை. ஃபில்டரைப் பொறுத்தவரை ஸ்பாஞ்ச் ஃபில்டரே குஞ்சுக்கு ஏற்றது. பவர் ஃபில்டர் குஞ்சுகளை உள்ளே இழுத்துவிடும்.

வெல்வெட்டாக இருந்தால் 30 டிகிரி தேவையில்லை. உப்போடு தொட்டியைப் போர்வையால் மூடி இருட்டாக்குவதே முக்கியம், ஏனெனில் அந்த ஒட்டுண்ணி பச்சையம் கொண்டது, ஒளியையும் உணவாக்கிக்கொள்வது. குஞ்சுக்கு இரை தெரிய வேண்டும் என்பதற்காக இரை போடும் நேரத்தில் மட்டும் மங்கிய வெளிச்சம் விடலாம். டிரைக்கோடைனாவுக்கும் காஸ்டியாவுக்கும் உப்பும் தண்ணீர் மாற்றுவதும் போதும்.

தரையை உறிஞ்ச ஏர் பம்ப் குழாயே ஏற்றது. அகலமான குழாய் குஞ்சையும் சேர்த்து இழுக்கும். உறிஞ்சிய தண்ணீரை நேரே சாக்கடையில் விடாமல் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் பேசினில் விட்டால் தவறி வந்த குஞ்சு கரும்புள்ளியாகக் கண்ணில் படும். கரண்டியால் எடுத்துத் திரும்ப விட்டுவிடலாம். இதை நாள்தோறும், இயன்றால் இருவேளை செய்ய வேண்டும். வளர்ந்த மீனை இரண்டு மூன்று நாள் பட்டினி போடலாம்; குஞ்சைப் போடக் கூடாது. இரையைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, அரை மணி நேரத்தில் மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும், மொத்தத்தில் 10 முதல் 14 நாள் வரை உப்பையும் வெப்பத்தையும் தொடர்ந்து, பிறகு உப்பில்லாத தண்ணீரால் நாளுக்குச் சிறிதாக மாற்றி இறக்க வேண்டும்.

இரண்டு தொட்டி முறை

உப்புத் தாங்காத குஞ்சுகளுக்கும், ஹீட்டர் வாங்க விரும்பாதவர்களுக்கும் ஏற்ற வழி ஒன்று உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் டப்புகளை வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் குஞ்சுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதுதான் அது. உடலை விட்டு இறங்கிய ஒட்டுண்ணி தரையில் உறை கட்டிக் குட்டி போடுவதற்குள் குஞ்சுகள் அங்கே இருக்காது. காலி செய்த டப்பைக் கழுவித் தேய்த்து வெயிலில் கவிழ்த்து முற்றாக உலர்த்த வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு இது பெரிய வேலை அல்ல. குஞ்சை வலையில் பிடிக்கக் கூடாது, வலை தோலை உரித்துவிடும். டம்ளரால் தண்ணீரோடு மொண்டு, ஆனால் கூடியவரை குறைந்த தண்ணீரோடு, மாற்ற வேண்டும். புதிய டப்பின் தண்ணீர் பழையதோடு வெப்பத்திலும் தன்மையிலும் ஒத்திருக்க வேண்டும். ஒரு வாரம் விடாமல் செய்தால் மருந்தில்லாமலே வெள்ளைப் புள்ளி அடங்கும். நூற்றுக்கணக்கில் குஞ்சு இருந்தால் இது ஆகாது.

கடை மருந்துகள்

மீன் கடைகளில் வெள்ளைப் புள்ளிக்கு என்று விற்கும் பச்சை அல்லது நீல நிறப் புட்டிகளில் பெரும்பாலும் மாலகைட் கிரீன், ஃபார்மலின், மெத்திலீன் புளூ இவற்றில் ஒன்றோ பலவோ இருக்கும். மாலகைட் கிரீன் குஞ்சுக்குக் கடுமையானது. உணவுக்கு வளர்க்கும் மீனில் அதைப் பயன்படுத்தவே அனுமதியில்லை என்பதால், மாடியில் திலேப்பியா வளர்ப்பவர்கள் அதே வாளியையும் வலையையும் பகிரக் கூடாது. ஃபார்மலின் தண்ணீரின் ஆக்சிஜனைக் குறைக்கும். வெப்பம் ஏற்றிய தொட்டியில் அது இரட்டை ஆபத்து. மூன்றில் மென்மையானது மெத்திலீன் புளூ. 1 விழுக்காட்டுக் கரைசலை 10 லிட்டருக்கு 1 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆகும். முட்டையும் குஞ்சும் இதைத் தாங்கும். ஆனால் ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாக்களையும் அது கெடுக்கும் என்பதால் தனி டப்பில் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

வேறு வழியில்லாமல் புட்டி மருந்தைத் தொட வேண்டிவந்தால், புட்டியில் எழுதிய அளவில் பாதியை எடுத்து, ஐந்தாறு குஞ்சுகளைத் தனியாக ஒரு பாத்திரத்தில் விட்டு, அரைநாள் பார்த்த பிறகே மற்றவற்றுக்குக் கொடுக்க வேண்டும். மஞ்சள் தூளும் வேப்பிலையும் போடச் சொல்பவர்கள் உண்டு. எவ்வளவு கரைந்தது என்றே அளக்க முடியாத ஒன்றைக் குஞ்சுத் தொட்டியில் போடுவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. கரையாத மஞ்சள் தூள் செவுளில் போய்ப் படிவதுதான் மிச்சம்.

செவுள் புழுவும் தோல் புழுவும் மேற்சொன்னவற்றுக்கு எளிதில் அடங்காது. அவற்றுக்கு உரியது பிராசிகுவாண்டல் என்னும் புழுக்கொல்லி மருந்து, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில். தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் நன்றாகக் கலக்க வேண்டும். தோல் புழு குட்டி போடுவது, செவுள் புழு முட்டையிடுவது. முட்டையை மருந்து கொல்லாது என்பதால் ஐந்து முதல் ஏழு நாள் கழித்து இரண்டாம் முறை கொடுத்தே ஆக வேண்டும். அளவைக் கால்நடை மருத்துவரிடமோ, பாரூரில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையம் போன்ற இடத்திலோ கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெல்லிய கைகளை விரிக்கும் ஹைட்ராவை ஒட்டுண்ணி என்று நினைத்து மருந்து ஊற்றுபவர்கள் உண்டு. அது குஞ்சைப் பிடித்துத் தின்னும் தனி உயிர். குஞ்சுகளை வேறு டப்புக்கு மாற்றிவிட்டுத் தொட்டியைக் காலிசெய்து காயவைத்தால் தீர்ந்தது.

மறுபடி வராமல் இருக்க

பொரித்த குஞ்சு நோயோடு பிறப்பதில்லை. தாய் மீன், இரை, வலை இந்த மூன்றின் வழியாகவே நோய் வருகிறது. சென்னை கொளத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பையில் அடைபட்டு வந்த மீனை அதே வாரம் இனப்பெருக்கத் தொட்டியில் விடாமல், மூன்று வாரமாவது தனியே வைத்துக் கவனித்து, தேவையான சிகிச்சையை வளர்ந்த மீன் தாங்கும் அளவிலேயே அப்போதே கொடுத்துவிட வேண்டும். ஏரியிலும் குட்டையிலும் வடித்தெடுக்கும் உயிர் இரையில் நங்கூரப் புழுவும் குடற்புழுவின் இளநிலையும் வரக்கூடும். வீட்டில் உப்புத் தண்ணீரில் பொரித்தெடுக்கும் ஆர்டீமியா என்னும் சிறு உப்புநீர் உயிரியில் நன்னீர் ஒட்டுண்ணி வராது என்பதால் சிகிச்சைக் காலத்தில் அதை மட்டுமே கொடுக்கலாம். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை, தனிக் குழாய்.

குஞ்சுகளை டப்பில் வைத்துச் சிகிச்சை செய்தவர்கள் பழைய தொட்டிக்கு எப்போது திரும்பக் கொண்டுவரலாம் என்பது தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்தது. மீனே இல்லாமல் 28 டிகிரியில் ஒரு வாரம் நின்ற தொட்டியில் வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணி மிஞ்சாது. ஓசூர்க் குளிரில் ஹீட்டர் இல்லாமல் நிற்கும் தொட்டியென்றால் மூன்று வாரமாவது காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் ஸ்பாஞ்ச் ஃபில்டரை நிறுத்தாமல், அதிலுள்ள பாக்டீரியாக்களுக்காக ஒரு சிட்டிகை மீன் இரையை இரண்டு நாளுக்கு ஒரு முறை போட்டுவர வேண்டும்.